சான்றோடு பத்தி எழுதுதல்

“தாராவி ஒரு குடிசைப் பகுதி, அங்கு எதுவும் ஒழுங்காக நடவாது” என்பர் சிலர். “தாராவி சிறந்த இடம்” என்று அங்கு வாழ்வோர் மறுப்பர். சான்று இல்லாதவரை இரண்டும் வெறும் கூற்றுகளே. ஒரு கருத்தைச் சான்று காட்டி, காரணம் விளக்கி நிறுவும் பத்தி பகுப்பாய்வுப் பத்தி எனப்படும்.

பத்தியின் உறுப்புகள்

1. கருத்து: பத்தி நிறுவ விரும்புவது. “தாராவி மும்பையில் உள்ளது” என்பதை எவரும் மறுக்கமாட்டார். அது தகவல் மட்டுமே. மறுக்க இடமுள்ளதே கருத்தாகும்.
2. சான்று: நாள், எண், நிகழ்ச்சி போன்று பிறர் சரிபார்க்கத் தக்கது.
3. விளக்கம்: சான்று கருத்தை எவ்வாறு தாங்குகிறது என்பதைக் கூறுவது.
4. முடிவு: சான்று இடந்தரும் அளவுக்கு மட்டும் சொல்வது.

மாதிரிப் பத்தி

(கருத்து) 2020ஆம் ஆண்டில் தாராவியில் கொரோனா பரவல் தணிந்ததற்கு, நோயாளி வரும்வரை காத்திராமல் நோயைத் தேடிச் சென்றது ஒரு முக்கியக் காரணம். (சான்று) அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அங்கு முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மாநகராட்சிப் பணியாளர்களும் மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உள்ளோரைக் கண்டறிந்தனர். பள்ளிகளும் விளையாட்டு வளாகமும் தனிமைப்படுத்தும் மையங்களாயின. ஜூலை 7ஆம் நாள் புதிதாக ஒருவருக்கே தொற்று பதிவானது. (விளக்கம்) அங்குப் பல குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்கின்றன. பொதுக் கழிப்பறைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆதலால் வீட்டிலேயே தனித்திருத்தல் அரிது. நோயுற்றோரை விரைவில் கண்டறிந்து வேறிடத்தில் தங்கவைத்ததால், குடும்பத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் நோய் பரவும் வாய்ப்பு குறைந்தது. (முடிவு) எனவே, இடத்தின் இயல்பறிந்து செயல்பட்டால் நெருக்கமான பகுதியிலும் நோய்ப் பரவலைத் தணிக்க இயலும்.

அறிந்துகொள்க

விளக்கத்தை நீக்கிவிட்டு மேற்கண்ட பத்தியைப் படித்தால், நாள்களும் செயல்களும் மட்டும் எஞ்சும். அச்செயல்கள் ஏன் பயன் தந்தன என்பது விளங்காது.

2020 ஜூலை 10ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர், பரவலைக் கட்டுப்படுத்திய இடங்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிட்டார். பரவல் தணிந்தது என்பதற்கு இது சான்றாகும். ஏன் தணிந்தது என்பதற்கு இது மட்டும் போதாது. எச்சான்று எதனை நிறுவும் என்று ஆராய்ந்த பின்னரே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

மேலும், “ஒரே காரணம்” என்றோ “நோய் ஒழிந்தது” என்றோ மாதிரிப் பத்தி கூறவில்லை. 2021ஆம் ஆண்டில் அங்கு நோய் மீண்டும் பரவியது. அளவு மீறிய ஒரு சொல், உண்மையான சான்றின் மீதும் ஐயத்தை உண்டாக்கிவிடும்.

பயிற்சி

1. கீழ்க்காணும் பத்தியில் இல்லாத உறுப்புகள் யாவை? அவற்றைச் சேர்த்து எழுதுக.
“மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியர் கல்வியைப் பெரிதும் மதித்தனர். 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது.”

2. “செம்பூர் வாழ்வதற்கு ஏற்ற இடம்” என்னும் கருத்துக்கு எவையெவை சான்றாகும்? இரண்டினைக் குறிப்பிடுக.

3. உங்கள் பகுதியைப் பற்றிப் பிறர் கூறும் தவறான கருத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க. வீட்டுப் பெரியோரிடம் கேட்டும் நேரில் கண்டும் சான்று திரட்டி, அதனை மறுத்து ஒரு பத்தி எழுதுக.