ஜியோ ஃப்ரீயா கொடுத்ததுக்கு யாரு பில் கட்டினது?

2016 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? உங்கள்ல பல பேர் அப்போ ஸ்கூல்ல, இல்லன்னா காலேஜ்ல இருந்திருப்பீங்க. ஆதார் கார்டை எடுத்துக்கிட்டு ஜியோ சிம்முக்கு கடை வாசல்ல வரிசையில நின்னோம். அதுவரைக்கும் 1 ஜிபி டேட்டாவுக்கு 250 ரூபாய் வரை கொடுத்து, ஒரு மாசம் சொட்டு சொட்டா செலவு பண்ணிட்டு இருந்தவங்க நாம. திடீர்னு எல்லாமே ஃப்ரீ. டிசம்பர் 31 வரைன்னு சொன்னாங்க, அப்புறம் 2017 மார்ச் 31 வரை நீட்டிச்சாங்க.

அடக்க விலைக்கும் கீழ வித்து, போட்டியாளரை வெளியேத்திட்டு, பிறகு விலையை ஏத்துறதுக்குப் பேர் பிரிடேட்டரி பிரைசிங். (தமிழ்ல 'கொள்ளை விலை'ன்னா அதிக விலை. இதுல கொள்ளை இரண்டாவது பாகத்துலதான் வரும்.)

ஆனா இது எல்லா தொழில்லயும் வேலைக்கு ஆகாது. உங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு டீக்கடைக்காரர் 5 ரூபாய்க்கு டீ வித்து எதிர்க்கடையை மூட வச்சிட்டார்னு வைங்க. அப்புறம் 25 ரூபாய் ஆக்கினா, மறுவாரமே மூணாவது ஆள் ஒரு அடுப்பும் பெஞ்சும் போட்டு வந்துடுவார். டெலிகாம்ல அப்படி முடியாது. ஸ்பெக்ட்ரம், டவர்னு பல ஆயிரம் கோடி வேணும். போனவர் போனவர்தான். அதனால, எவ்வளவு குறைச்சு விக்கிறாங்கங்கறதை விட, நஷ்டத்தை எவ்வளவு நாள் தாங்குவாங்க, பிறகு வேற யாராவது உள்ள வர முடியுமாங்கறதுதான் முக்கியம்.

ஜியோ மேல ஏர்டெல் இதே புகாரைத்தான் இந்தியப் போட்டி ஆணையத்துக்குக் கொண்டு போச்சு. 2017 ஜூன்ல ஆணையம் அதைத் தள்ளுபடி செஞ்சது. 2002 போட்டிச் சட்டத்தோட 4-வது பிரிவு, சந்தையில ஏற்கெனவே ஆதிக்கம் உள்ள நிறுவனத்துக்குத்தான் பொருந்தும். அப்போ ஜியோவோட சந்தாதாரர் பங்கு 7 சதவீதம்கூட இல்ல. அதாவது சட்டப்படி அது பிரிடேட்டரி பிரைசிங் கிடையாது. எனக்கு இடிக்கிறது இங்கதான்: சந்தைக்குப் புதுசா வர்ற நிறுவனத்துக்குப் பின்னாடி எவ்வளவு பெரிய பணப்பை இருக்குன்னு இந்தக் கணக்கு பெருசா பார்க்கல.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2018 பிப்ரவரியில தமிழ்நாட்டுல ஏர்செல் சிக்னல் போச்சு, போர்ட் பண்ண ஜனங்க அலைஞ்சாங்க, கம்பெனி திவால் மனு போட்டுச்சு. ஏர்செல்லுக்குப் பழைய கடன், வழக்கு எல்லாம் இருந்துச்சு, பழியை முழுசா ஜியோ மேல போட முடியாது. அதே வருஷம் வோடஃபோனும் ஐடியாவும் ஒண்ணாச்சு. தனியார்ல மிச்சம் மூணு பேர்.

இப்போ ஜியோவோட 28 நாள், தினம் 1.5 ஜிபி பிளானை மட்டும் பாருங்க. 2018-ல 149 ரூபாய். 2019 டிசம்பர்ல 199. 2021 டிசம்பர்ல 239. 2024 ஜூலையில 299. ஒவ்வொரு தடவையும் மூணு கம்பெனியும் சில நாள் இடைவெளியில ஏத்தினாங்க. 2019-ல மத்த ரெண்டு பேருக்கும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால பெரிய நிலுவைச் சுமை வந்ததும் உண்மை. இன்னைக்கும் ஒரு ஜிபிக்கான விலை 2016-ஐ விட ரொம்பக் குறைவுங்கறதும் உண்மை.

28 நாள்ன்னா வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். 149-க்கு 1,937 ரூபாய், 299-க்கு 3,887. வீட்டுல நாலு சிம் இருந்தா, 2018-ஐ விட வருஷத்துக்கு 7,800 ரூபாய் கூடுதல். 2024 ஜூலை ஏற்றத்துக்கு அப்புறம் நிறைய பேர் பிஎஸ்என்எல்லுக்கு போர்ட் பண்ணாங்க. வீட்டுல வைஃபை இருக்கற பெரியவங்க சிம்முக்கு அது போதும், சிக்னல் கிடைக்குதான்னு மட்டும் முதல்ல செக் பண்ணிக்கோங்க.