மாமனாரின் பத்மினியும் மாடவிளக்கும்

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வாசல் மாடத்தில் விளக்கேற்றப் போன என் மாமியார், தீப்பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தார். "பெட்ரோல் நாத்தம் மூக்கைத் துளைக்குதும்மா. வண்டியடியில என்னன்னு பாரு" என்றார். போர்ட்டிகோவில் நிற்கும் எங்கள் பத்மினிக்கு அடியில் உள்ளங்கையகலம் ஈரம்! மேலேயிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை மட்டும் குச்சியை உரசியிருந்தால்... நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

1978 மாடல் வண்டி அது. மாமனார் ஆசையாக வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகும் விற்க யாருக்கும் மனசு வரவில்லை. பத்து நாளாகவே அந்த வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று என்னவர் சொல்ல, நானும் சும்மா இருந்துவிட்டேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய், தள்ளி எரியும் விளக்கில்கூடப் பற்றிக்கொள்ளும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தார். பெட்ரோல் ரப்பர் குழாய் முழுக்க வெடிப்பு. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் என்கிற ஆல்கஹால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஊறி, உப்பி, வெடித்துவிடும். ஆயில் கம்பியை உருவி முகரச் சொன்னார். அதிலும் பெட்ரோல் வாசனை! பம்புக்குள் டயாஃப்ரம் என்று ஒரு சவ்வு உண்டு. அது மேலும் கீழும் அசைந்துதான் பெட்ரோலை டேங்கிலிருந்து இழுக்கிறது. சவ்வு கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடுமாம். நம் குக்கர் காஸ்கெட் கதைதான்.

அவருக்கு நேரமில்லை. "நாமே மாத்திடலாம், நீ கூட இரு" என்றார் என்னவர். ஜி.பி. ரோடுக்குப் பழைய குழாய்த் துண்டை மாதிரிக்கு எடுத்துப் போனோம். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். சாதா டியூப் உதவாது.

ஞாயிறு காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போதே வண்டியை வெளியே தள்ளினோம். முதலில் பாட்டரி வயரைக் கழற்றினார். நான் ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து வைத்தேன். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் பரவும். குழாயைக் கழற்றியதும் பெட்ரோல் ஒழுகாமல் முனையில் பென்சிலைச் செருகினார். பம்பைத் திறப்பதற்கு முன் அதன் இரண்டு பாதிக்கும் குறுக்கே என் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். திரும்ப மூடும்போது கோட்டோடு கோடு சேர்ந்தால் சரி. ஃபில்டரில் அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். அவர் முதலில் மாற்றித்தான் மாட்டினார், சொன்னால் கோபம் வரும்!

காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தால், வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துத் திண்ணையில் வைத்திருக்கிறார். நான்கு வயதுச் சின்னவன் அதன் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறான். தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன். நல்லவேளை, வாயில் வைக்கவில்லை. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அம்மா! வெளியே வரும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டேங்கிலிருந்து டியூபை வாயால் உறிஞ்சி எடுக்கும் ஆண்களுக்கும் இதே ஆபத்துதான்.

அன்றைக்கு என்னவரோடு நான் சாயங்காலம் வரை பேசவில்லை.

ஆயிலையும் மாற்றி வண்டியைக் கிளப்பினோம். பத்து நிமிஷம் ஓடவிட்டு அடியில் செய்தித்தாளை விரித்தேன். காய்ந்தே இருந்தது. ஒரு வாரம் தினமும் ராத்திரி விரித்துப் பார்த்தேன்.

அத்தை மட்டும் அதற்குப் பிறகு வாசலில் விளக்கேற்றுவதில்லை. "உங்க மாமா வண்டி அங்கேயே நிக்கட்டும். விளக்கை நான் கூடத்துல வெச்சுக்கறேன்" என்கிறார்.