கலைமகளின் வீணையில் ராமன் கேட்டது

நவராத்திரிக் கொலுவில் மூன்று தேவியரையும் பார்த்திருப்பீர்கள். துர்க்கைக்குச் சிங்கம், அது வீரத்தின் அடையாளம். இலட்சுமிக்குச் செந்தாமரை. சேற்றில் வேர்விட்டும் சேறு ஒட்டாத பூ அது. செல்வத்துக்கும் தூய்மைக்கும் அடையாளம். சரசுவதியிடம் வந்தால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். அவளுக்கு நான்கு கை. ஒன்றில் ஏட்டுச்சுவடி, ஒன்றில் செபமாலை, மீதி இரண்டும் வீணைக்கு! காதும் விரலும் பழகிப் பழகித் தேறுவதும் கல்விதான் என்று அந்த உருவத்தைச் செய்தவர்கள் சொல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. எல்லாச் சிற்பங்களிலும் வீணை இருக்காது. கங்கைகொண்ட சோழபுரத்துச் சரசுவதியிடம் சுவடி உண்டு, வீணை கிடையாது.

நம் ஊர்ப் படங்களில் அவள் மடியில் இருப்பது பெரும்பாலும் தஞ்சாவூர் வீணை. பலா மரத்தில் குடைந்த குடம், நீண்ட தண்டி, நுனியில் யாளி முகம், மெழுகில் பதித்த 24 மெட்டுகள். வாசிக்க 4 தந்தி, தாளத்துக்கு 3. குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கிறதே ஒரு சின்ன மேடை, அதன் பெயர் குதிரை. இந்த வாத்தியத்தின் பெரிய அதிசயம் அந்தக் குதிரையில்தான் இருக்கிறது.

தந்தியை மீட்டினால் என்ன நடக்கும்? ஸ்கிப்பிங் கயிறு போல முழு நீளமும் அதிரும். அதே நேரத்தில் இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும்கூட அதிரும். இத்தனையும் சேர்ந்து வருவதுதான் நாம் கேட்கும் நாதம். இரண்டு பாதியாக அதிரும்போது நடுப்புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும். அப்படியானால் அந்த நடுப்புள்ளியிலேயே தந்தியை இழுத்து விட்டால்? அங்கே அசையாமல் நிற்க வேண்டிய அதிர்வு பிறக்கவே முடியாது. இதை இங்கிலாந்து அறிவியலாளர் தாமஸ் யங் 200 ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியிருந்தார்.

1888-இல் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த இயற்பியலாளர் சர் சி. வி. ராமனுக்கு இசைக் கருவிகள் என்றால் உயிர். அவர் மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில் வீணையையும் தம்புராவையும் ராமன் ஆராய்ந்தார். எந்த இடத்தில் மீட்டினாலும், யங் விதிப்படி வரவே கூடாத அதிர்வுகளும் அவற்றின் ஒலியில் இருந்தன! 1921-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். நோபல் பரிசு வாங்குவதற்கு 9 ஆண்டுகள் முன்பு அது.

காரணம் குதிரையின் வடிவம். வயலினில் தந்தி ஒரு மெல்லிய விளிம்பின் மேல் போகிறது. அந்த இடத்தில் அதற்கு அசைவே இல்லை. வீணைக் குதிரையின் மேலோ அகலமான உலோகத் தகடு இருக்கும். அது தட்டை அல்ல, மிக லேசாக வளைந்தது. தந்தி ஒவ்வொரு முறை அதிரும்போதும் அந்த வளைவில் படிந்து, விலகி, மறுபடி படிகிறது. இந்தத் தொடுதல்தான் விடுபட்ட அதிர்வுகளையும் எழுப்பிவிடுகிறது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சின்ன நூல் வைப்பார்களே, அந்த நூல் செய்வதும் இந்த வேலையைத்தான். அதனால்தான் அப்படி ஒரு ரீங்காரம்.

யங் விதி தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மெல்லிய விளிம்பில் நிற்கும் தந்திக்கு அது சரியாகவே பொருந்தும். வளைந்த தகட்டை அந்த விதி கணக்கில் கொள்ளவில்லை, அவ்வளவுதான். நம் வீணை ஆசாரிகளோ அந்தத் தகட்டை அராவி அராவி, நாதம் கூடிவருகிறதா என்று காதாலேயே சரிபார்த்து வந்திருக்கிறார்கள். சமன்பாடு இல்லாத இந்த அறிவைப் பெரிய அறிவாக நான் மதிக்கிறேன்.

சரசுவதி பூசையன்று புத்தகத்தோடு வாத்தியத்தையும் அடுக்கிவிடுவார்கள், தொடவிட மாட்டார்கள். மறுநாள் விஜயதசமியன்று மறுபடி எடுப்பார்கள். அன்று வீணை உள்ள வீட்டுக்குப் போனால், கேட்டுக்கொண்டு குதிரையைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், வளைவு தெரிகிறதா? பிறகு ஒரு நூலால் தந்தியின் முழு நீளத்தை அளந்து, நூலைச் சரிபாதியாக மடித்துக் குதிரையிலிருந்து பிடியுங்கள். எத்தனையாவது மெட்டுக்குப் பக்கத்தில் வருகிறது என்று எண்ணி, முதலில் எந்த மெட்டையும் அழுத்தாமலும், பிறகு அந்த மெட்டில் அழுத்தியும் மீட்டிக் காட்டச் சொல்லுங்கள். கீழ் சட்சமும் (ஸ) மேல் சட்சமும் ஏன் அப்படி ஒட்டி உறவாடுகின்றன என்று அப்போது உங்கள் காதே சொல்லும்.