ஆறு பன்னிரண்டான கணக்கு

ரயில் டிக்கெட் ஒன்றைக் கணினியில் பதிய வேண்டும். பெட்டி எண்ணுக்கு 1 பைட், டிக்கெட் எண்ணுக்கு 4 பைட், ஜன்னலோரமா என்பதற்கு 1 பைட். கூட்டினால் 6. ஆனால் இதே வரிசையில் சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்ட் எழுதி அதன் அளவைக் கேட்டால், இன்றைய கணினிகளில் 12 என்று பதில் வரும். பாதிக்குப் பாதி காற்று!

காரணம், அலைன்மென்ட். பிராசசர் மெமரியை ஒவ்வொரு பைட்டாகப் பொறுக்குவதில்லை; கற்றை கற்றையாக அள்ளுகிறது. ஒரே எண் இரண்டு கற்றைகளில் பிரிந்து கிடந்தால் வேலை இரட்டிப்பு. இன்டெல் சிப்கள் இதைச் சகித்துக்கொள்ளும். பழைய ஆர்ம் சிப்களில் சில, புரோகிராமையே நிறுத்திவிடும். அதனால்தான் 4 பைட் எண் 4-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும் என்பது விதி.

இப்போது டிக்கெட்டை அடுக்குவோம். பெட்டி எண் 0-இல். அடுத்து 1, 2, 3 மூன்றும் காலி. 4 முதல் 7 வரை டிக்கெட் எண். 8-இல் ஜன்னல். ஆக 9 பைட். பிறகு 12 எங்கிருந்து வந்தது? டிக்கெட்டுகளை வரிசையாக வைக்கும்போது இரண்டாவது டிக்கெட் 9-இல் தொடங்கினால், அதன் எண் 13-இல் போய் விழும். எனவே மொத்த அளவும் 4-இன் மடங்காக உயர வேண்டும். இதற்கு வகுத்தலே வேண்டாம்: 3-ஐக் கூட்டிக் கடைசி இரண்டு பிட்களை அழித்தால் போதும். 9 என்றால் 12. 10 என்றால் 13, இரும எண்ணில் 1101. அழித்ததும் 1100, அதுவும் 12-தான். அலைன்மென்ட் எப்போதும் 2-இன் அடுக்காகவே இருப்பதால் கிடைக்கும் சௌகரியம் இது.

நாம் எழுதிய வரிசையை சி மாற்றாது. ரஸ்ட் என்ற மொழி அந்த வாக்குறுதியையே தருவதில்லை. 2017-இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து அதன் கம்பைலர் ஃபீல்டுகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்குகிறது. டிக்கெட் எண் முதலில், ஒற்றை பைட்கள் இரண்டும் பின்னால். மொத்தம் 6, உயர்த்தினால் 8. பத்து லட்சம் டிக்கெட்டுக்கு 40 லட்சம் பைட் மிச்சம். சி மொழியோடு தரவைப் பகிர வேண்டிய இடத்தில் மட்டும் பழைய வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, ‘இல்லை’ என்பதை ரஸ்ட் சேமிக்கும் விதம். இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற மதிப்புக்கு அங்கே ஆப்ஷன் என்று பெயர். பூல் என்ற வகை 1 பைட்டில் 0, 1 இரண்டை மட்டுமே ஏற்கும். மீதி 254 மதிப்புகள் சும்மா கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கம்பைலர் ‘இல்லை’ என்று வைத்துக்கொள்கிறது. ஆகவே ஆப்ஷன் போட்ட பூலும் 1 பைட்தான். பாக்ஸ் என்ற சுட்டி ஒருபோதும் 0 ஆகாது. அந்த 0-வே அங்கே ‘இல்லை’. யு32 என்ற 4 பைட் எண் வகை பாவம், அதன் நானூறு கோடிக்கு மேற்பட்ட மதிப்புகளும் செல்லுபடியாகும். ஒளித்துவைக்க இடமில்லாமல் ஆப்ஷனோடு 8 பைட்டாகிவிடுகிறது.

நம் டிக்கெட்டுக்கு ஆப்ஷன் போட்டால்? 8-இல் 2 பைட் காலிதானே, ‘இல்லை’யை அங்கே குறிக்கலாமே என்று தோன்றும். கூடாது. டிக்கெட்டின் மேல் இன்னொன்றை எழுதும்போது அந்தக் காலி இடத்தில் எந்தக் குப்பையும் விழலாம். அதை நம்பி எதையும் வைக்க முடியாது. தனியாக ஒரு குறியீடு சேர்ந்து அளவு மறுபடி 12. ஆனால் ஜன்னல் ஃபீல்டை யு8 என்ற 1 பைட் எண் வகையாக எழுதாமல் பூல் என்று எழுதிப் பாருங்கள். அந்த 254-இல் ஒன்று கைகொடுக்கும். ஆப்ஷனோடு சேர்த்தே 8 பைட்.