மீண்டும் மீண்டும் வீங்கும் கால்

மாலையில் குளிரும் நடுக்கமும் காண்கின்றன. விடிவதற்குள் ஒரு கால் சிவந்து வீங்கித் தொட்டால் சுடுகிறது. அரையில் நெறி கட்டுகிறது. செலுலைற்றிஸ் எனப்படும் தோலடி அழற்சி பெரும்பாலும் இவ்வாறே தொடங்கும். ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் கிருமியே இதற்குப் பெரிதும் காரணம். பெனிசிலின் இனத்து மருந்துகளுக்கு அக்கிருமி இன்றும் அடங்குகிறது; பெனிசிலின் ஒவ்வாதவர்க்கு வேறு மருந்துகள் உண்டு. சிவப்பின் எல்லையைப் பேனாவினாற் குறித்து, காலை உயர்த்தி வைத்து, வைத்தியர் சொன்ன நாள்வரை மருந்தை உட்கொள்ளல் வேண்டும். தோல் கறுத்தாலும், நோவு தாங்கொணாததாயினும் உடனே ஆஸ்பத்திரியை நாடவேண்டும்.

நோய் தணிந்தபின்னரே உண்மையான தொல்லை தொடங்குகிறது. ஒவ்வொரு தாக்குதலும் நிணநீர் நாளங்களைப் பழுதாக்க, நீர் தேங்கிய காலில் கிருமி மறுபடியும் எளிதிற் பற்றுகிறது. ஆனைக்கால் நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆயினும் முன்னரே வீங்கிய கால்கள் வீங்கியவையே. அவற்றை உடையோர்க்கு இவ்வச்சம் நீங்கவில்லை.

அடிக்கடி இந்நோய்க்கு ஆளான 274 பேரிடம் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடந்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. ஓராண்டு நாடோறும் இருமுறை பெனிசிலின் குளிகை விழுங்கியோரில் நூற்றுக்கு 22 பேருக்கும், வெற்றுக் குளிகை பெற்றோரில் 37 பேருக்கும் அவ்வாண்டில் நோய் மீண்டது. மருந்தை நிறுத்தியதும் அக்காப்பு மெல்ல மறைந்தது.

ஆகவே வாயிலையும் அடைத்தல் வேண்டும். கிருமி நுழையும் வாயில் பெரும்பாலும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணே. வயலிலிருந்து மீண்டதும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமறத் துடைத்து, புண்ணுக்கு மருந்திடவேண்டும். குளிகையை மறவாத பலர் இதனை மறந்துவிடுகின்றனர். வீக்கம் நிலைத்த காலுக்கு, வைத்தியர் அளவெடுத்துத் தரும் இறுக்கமான காலுறையும் நல்ல துணை.