நிக்கா கலகம்: ஜஸ்டினியன் தப்பியது எப்படி?

மாணவர்களே, கி.பி. 532 ஜனவரி. கான்ஸ்டான்டிநோப்பிளின் தேர்ப்பந்தய ரசிகர்களான நீல அணியும் பச்சை அணியும் பரம எதிரிகள். தூக்கிலிருந்து தப்பிய இருவரை (அணிக்கு ஒருவர்) மன்னிக்கச் சொல்லியும் பேரரசர் ஜஸ்டினியன் இணங்கல. உடனே ரெண்டு அணியும் ஒண்ணு சேர்ந்துச்சு. "நிக்கா" (வெற்றி கொள்) என முழங்கி நகரைக் கொளுத்தினாங்க; ஹிப்பேஷியஸுக்கு முடிசூட்டினாங்க.

தப்பியோட எண்ணிய ஜஸ்டினியனைப் பேரரசி தியோடோரா தடுத்தார் என்கிறார் புரோகோப்பியஸ். பலர் விடையை இதோடு நிறுத்திடுறாங்க. அடுத்ததையும் எழுதுங்க: நார்சஸ் பொன் கொடுத்து நீல அணியினரைப் பிரித்தார். பிறகு பெலிசாரியஸ், முண்டஸ் படைகள் பந்தய அரங்கில் புகுந்தன. சுமார் 30,000 பேர் மாண்டனர்.

ஒற்றுமை கலகத்தை வளர்த்தது. பிளவு அதை முடித்தது. இந்தக் காரணத் தொடரைக் காட்டினால்தான் விடை முழுமையாகும்.