பரண்மேல் இருப்பதை விற்கும் முன்

ஆரணியில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களுக்குள் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று அவ்வப்போது வந்து போகும். “பழைய பட்டுச் சேலை, பழைய ஜரிகை, பித்தளை, வெண்கலம் வாங்குறோம்...” என்று குரல் கேட்கும். வாசலில் வண்டியை நிறுத்தி, முந்தானையை விரித்து, ஜரிகையை உரைத்துப் பார்த்து விலை சொல்வார்கள். அந்த விலையில் ஆரணிக்காரரை எளிதில் ஏமாற்ற முடியாது. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். பேரம் முடிந்தபின் வருகிற அடுத்த கேள்விதான் ஆபத்தானது: “பரண்மேல பழைய நகை, காசு, விளக்கு, படம் எதுனா இருக்குதாம்மா?”

இருக்கும். ஆரணி அப்படிப்பட்ட ஊர். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் சண்டையிட்ட களம் இது. ஜாகீர்தார்களின் அரண்மனை சத்தியவிஜயநகரத்தில் நிற்கிறது. பக்கத்தில் பூண்டியிலும் திருமலையிலும் சமணக் கோயில்கள், சம்புவராயர் ஆண்ட படைவீடு, தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் கோயில். இந்த வட்டாரத்தில் மண்ணைத் தோண்டினாலும் பெட்டியைத் திறந்தாலும் பழமை தலைகாட்டும்.

இவற்றை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று, ஏமாந்துவிடுவோமோ என்பது. மற்றொன்று, வெளியே சொன்னால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளுமோ என்பது. இரண்டாவது பயம்தான் முதலாவதற்கு வாசலைத் திறந்துவிடுகிறது. பயந்தவர் யாருக்கும் தெரியாமல் விற்கிறார். யாருக்கும் தெரியாமல் விற்பவருக்குச் சரியான விலை கிடைப்பதில்லை. அதனால் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

எது தொல்பொருள்?

தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972 இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாணயம், சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை 100 ஆண்டுகளைக் கடந்திருந்தால் தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது கலை மதிப்புள்ள சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டு போதும். ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், முடிவு சொல்ல வேண்டியது இந்தியத் தொல்லியல் துறை. வாங்க வந்தவர் சொல்வது தீர்ப்பாகாது.

உங்கள் வீட்டுத் தொல்பொருள் உங்களுடையதே. கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு ஆகியவற்றால் ஆன சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள், மரச் சிற்பங்கள் ஆகியவற்றைத் தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தாலும் பொருள் உங்கள் வீட்டில்தான் இருக்கும். தந்தம் தவிர மற்றவற்றை நாட்டுக்குள் விற்கலாம், பதிவான பொருள் கைமாறினால் அதைத் தெரிவிக்க வேண்டும். தொல்பொருளை வியாபாரமாக வாங்கி விற்பவருக்கு உரிமம் கட்டாயம். ஆகவே வாசலில் வந்து கேட்பவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, “உங்க லைசென்ஸைக் காட்டுங்க” என்பதுதான்.

தனியார் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பாட்டியின் பழைய விளக்கைப் பார்சல் அனுப்புவதற்கும் இது பொருந்தும். பொருள் 100 ஆண்டைத் தாண்டாதது என்றால், ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் பெற்றுக்கொண்டு அனுப்பலாம். அத்துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ளது.

புலிநகம் கோத்த சங்கிலி, தந்தப் பொம்மை ஆகியவற்றுக்கு வேறு சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை விற்பதே குற்றம். பரம்பரையாகக் கைக்கு வந்திருந்தாலும் 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பாட்டி நகையின் விலை

பழைய அட்டிகை, ஒட்டியாணம், கெம்புக்கல் ஜிமிக்கி எதுவானாலும் கடையில் நடப்பது ஒன்றுதான். அரக்குக்கு இவ்வளவு கழிவு, கல்லுக்கு இவ்வளவு கழிவு என்று கழித்து, மிஞ்சிய தங்கத்துக்கு மட்டும் விலை போடுவார்கள். கழித்த கல் கடையிலேயே தங்கிவிடும். அதற்கு விலை இல்லை என்றால் அதைத் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்? கேட்டு வாங்குங்கள்.

காசுமாலையை விற்கும் முன் ஒவ்வொரு காசையும் வெளிச்சத்தில் பாருங்கள். விக்டோரியா மகாராணியின் முகமும் ஆண்டும் தெளிவாக இருந்தால் அது உண்மையான சவரன் நாணயமாக இருக்கலாம். 7.98 கிராம் எடை, 22 காரட். நாம் பவுனுக்குச் சொல்லும் ‘சவரன்’ என்ற சொல்லே இந்த நாணயத்தின் பெயர்தான். உருக்கினால் தங்க விலை. நாணயமாக விற்றால் சில ஆண்டுகளின் காசுகளுக்குச் சேகரிப்பாளர்கள் அதற்கு மேலும் தருவார்கள்.

ஹால்மார்க் இல்லாத பழைய நகையை நீங்கள் விற்கத் தடையில்லை. ஹால்மார்க் கட்டாயம் என்பது விற்கும் நகைக்கடைக்கு. அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் பொதுமக்களும் தரம் பார்க்கலாம். 4 நகை வரை 200 ரூபாய், 5 அல்லது அதற்கு மேல் என்றால் நகைக்கு 45 ரூபாய் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 இல் அறிவித்தது. அந்த அறிக்கைத் தாளோடு பேரத்துக்குப் போனால் பேச்சே மாறிவிடும்.

அடகு ஏலம்

நம் ஊரில் பழைய நகை ஏலத்துக்குப் போவது பெரும்பாலும் அடகுக் கடை வழியாகத்தான். பாவு வாங்கவும் பள்ளிக் கட்டணம் கட்டவும் நகை போகிறது. கூலி தாமதமானால் வட்டி ஏறுகிறது.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 க்குள் அவற்றை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. ஏலத்துக்கு முன் உங்களுக்குப் போதிய அவகாசத்தோடு அறிவிப்பு தர வேண்டும். இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வேண்டும். அதில் ஒன்று தமிழ் நாளிதழாக இருக்க வேண்டும். குறைந்தபட்ச ஏல விலை நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரு முறை ஏலம் போகாவிட்டால் 85 சதவீதம் வரை இறங்கலாம். கடன் போக மீதித் தொகை உங்களுடையது. ஏலப் பணம் வந்த 7 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். கடனை முழுதாக அடைத்தபின் நகையைத் தர 7 வேலை நாளுக்கு மேல் தாமதித்தால், தவறு கடன் கொடுத்தவர் பக்கம் இருக்கும்போது, நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

தனியார் அடகுக் கடைகளுக்குத் தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டம் 1943 பொருந்தும். உரிமம் வேண்டும், அடகுச் சீட்டு தர வேண்டும், மீட்க ஓராண்டும் அதற்கு மேல் 7 நாளும் அவகாசம் உண்டு, அதன் பிறகும் பொது ஏலத்தில்தான் விற்க முடியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அடகில் மதிப்பிடப்படுவது தங்கம் மட்டுமே. கல்லுக்கும் கைவேலைக்கும் மதிப்பில்லை. நூறாண்டு அட்டிகையும் நேற்று வாங்கிய சங்கிலியும் அங்கே ஒன்றுதான். அவசரத்துக்கு வைப்பதானால் புதிய நகையை வையுங்கள்.

பழைய படமும் ‘அதிசய’ப் பொருளும்

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் 1792 இல் தென்னிந்தியா வந்தார்கள். இராயக்கோட்டை மலைக்கோட்டை, மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் எனக் கண்டதை வரைந்தார்கள். அவர்களின் இந்தியக் காட்சிகள் 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 படங்களாக அச்சாகி வந்தன. இத்தகைய ஊர்க்காட்சி அச்சுகள் இன்று ஏலங்களில் நல்ல விலைக்குப் போகின்றன. அதனால் போலிகளும் மலிந்துவிட்டன.

போலியை அறிய நம் ஊரிலேயே கருவி இருக்கிறது. சேலையில் இழை எண்ணும் சிறு லென்ஸை எடுத்துப் படத்தின் வானப் பகுதியில் வையுங்கள். பல நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றால் அது இக்கால இயந்திர அச்சு. செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுத்த பழைய அச்சில் மணல் தூவியதுபோல ஒழுங்கற்ற துகள் தெரியும். கையால் தீட்டிய வண்ணம் ஆங்காங்கே கோட்டைத் தாண்டிப் பரவியிருக்கும்.

ஏலத்தில் வாங்குவோர் விதிமுறைகளை முழுதும் படிக்க வேண்டும். ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஒரு வரி உங்கள் புகாரின் பலத்தைக் குறைத்துவிடும். கூவிய விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணமும் வரியும் சேரும்.

இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் ‘ரைஸ் புல்லிங்’ செம்பு, லட்சக்கணக்கில் விலை போகும் பழைய 5 ரூபாய் நோட்டு, இவை அனைத்தும் மோசடி. பழைய நோட்டு, நாணய வியாபாரத்துக்குத் தாங்கள் எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. முன்பணம் கேட்டாலே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

மண்ணில் கிடைத்தால்

கடைக்கால் தோண்டும்போது பானையோ சிலையோ கிடைத்தால், 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தொடங்கலாம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை; பங்கும் போய்விடும். சொன்னால் உரிமை உண்டு. உரிமை கோருவோர் இல்லாத புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும்.

1976 இல் பத்தூரில் மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்கு நடராசர் கிடைத்தார். ஆட்சியரிடம் போக வேண்டியவர் தரகர் கைக்குப் போய், லண்டன் வரை சென்றார். இடிந்து கிடந்த கோயிலின் பெயரிலேயே அங்கே வழக்கு நடந்து, 1991 இல்தான் தாயகம் திரும்பினார்.

ஏல மேடையிலும் மீட்கலாம்

1898 இல் பிப்ரவாவில் தோண்டியெடுத்த, புத்தரின் நினைவுச் சின்னங்களோடு சேர்ந்த மணிகள் 2025 மே 7 அன்று ஹாங்காங்கில் ஏலத்துக்கு வர இருந்தன. இந்திய அரசு சட்ட அறிவிப்பு அனுப்பியது, ஏலம் நின்றது, ஜூலையில் மணிகள் நாடு திரும்பின. 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ‘அரும்பொருள்’ என்று ஏலப் பட்டியலில் இருந்த நாகர் மூதாதையரின் மண்டையோடு, நாகாலாந்தின் எதிர்ப்பால் விலக்கப்பட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமானது திருமங்கையாழ்வார் கதை. கும்பகோணம் அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்த அவர் செப்புத் திருமேனியை, 1967 இல் லண்டன் ஏலத்தில் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் வாங்கியது. 1957 இல் அவர் கோயிலில் இருந்தபோது எடுத்த புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தது. அதை வைத்தே உரிமை கோரப்பட்டது. திருப்பித் தர 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் இசைந்தது.

உடனே செய்ய வேண்டியவை

பழைய பொருள் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். எடை, நீளம், யார் வழி வந்தது, எந்தத் திருமணத்தில் போட்டது என்பதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். விற்றால் எழுத்து மூலமான ரசீது வாங்குங்கள், வாங்கினாலும் அப்படியே.

காணாமல் போனால் அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். சிலை என்றால் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இருக்கிறது. வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915; இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை. இணையத்தில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

சட்டம் உங்கள் பரணைப் பறிக்க வரவில்லை. மறைப்பவரையும் விதியை மீறுபவரையும்தான் அது தண்டிக்கிறது. ஒரு கோயிலில் என்றோ எடுத்த ஒரே ஒரு படம், எடுத்து 67 ஆண்டுக்குப் பிறகு, கடல் கடந்து போன ஆழ்வாருக்கு நீதி பெற்றுத் தந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்தியதும் பெட்டியை இறக்குங்கள். கையில் செல்போன் இருக்கிறது. முதல் படத்தை எடுத்துவிடுங்கள்.